பிழை யாருடையது என்பது இருக்கட்டும், உங்கள் 24 இலட்சம் எங்கே இருக்கிறது?

கேள்வி: வணக்கம் சேர். நான் வவுனியாவில் அரசாங்கப் பாடசாலை ஆசிரியை. கணவர் தனியார் கம்பனியில் வேலை. இரண்டு பிள்ளைகள். 24 இலட்சம் ரூபாவை ஒரே நிதிக் கம்பனியில் 9 சதவீத வட்டிக்கு நிலையான வைப்பில் போட்டிருக்கிறோம். வீட்டுக்கடன் இன்னும் 30 இலட்சம் மிச்சம், இப்போது வட்டி 12 சதவீதம், மாறும் வட்டி. ரொறொன்ரோவில் இருக்கும் அண்ணா மாதாமாதம் கொஞ்சக் காசு அனுப்புவார். 2022-இல் பட்ட பாடு மறக்கவில்லை. அண்ணா எல்லாம் ராஜபக்சக்கள் செய்த வேலை என்கிறார், கணவரோ நல்லாட்சிக்காரர் வாங்கிய கடன்தான் நாட்டைக் கவிழ்த்தது என்று போனிலேயே சண்டை. யார் பிழை என்று தெரிந்தால்தானே திரும்பவும் நடக்குமா, காசை எங்கே வைப்பது என்று முடிவெடுக்கலாம் என்கிறார் கணவர். வைப்பை உடைத்து முழுவதையும் தங்கப் பவுணாக வாங்கலாமா?

பதில்: சகோதரி, முதலில் அந்தச் சண்டையை முடித்து வைக்கிறேன், ஏனென்றால் இரண்டு பேருமே பாதி சரி. வெளிநாட்டுச் சந்தையில் அரசாங்கப் பிணைமுறி, அதாவது கடன் பத்திரம், விற்றுக் கடன் வாங்கும் பழக்கம் 2007-இல் மஹிந்த ராஜபக்ச காலத்தில் 50 கோடி டொலருடன் தொடங்கியது, 2015-க்குப் பிறகு வந்த மைத்திரி-ரணில் நல்லாட்சி அரசு அதை இன்னும் வேகமாகச் செய்தது. ஆனால் 2019 டிசம்பரில் கோட்டாபய அரசு பெறுமதி சேர் வரியை 15-இலிருந்து 8 சதவீதமாக வெட்டி, சம்பளத்தில் பிடிக்கும் வரியையும் நிறுத்தியது பாருங்கள், என் கணக்கில் அதுதான் பெரிய பிழை. கடன்காரன் வாசலில் நிற்கும்போது வருமானத்தைத் தானே குறைத்துக்கொண்ட அரசு அது. பிறகு கொரோனா வந்து சுற்றுலா படுத்தது, இருந்த டொலரை ரூபாவை 200-இல் பிடித்து வைக்கச் செலவழித்தார்கள், 2022 ஏப்ரல் 12-ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அறிவித்தார்கள்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் கோட்டாபய, மஹிந்த, பசில், மத்திய வங்கி ஆளுநர்களாக இருந்த கப்ரால், லக்ஷ்மன் முதலானவர்கள் மக்கள் வைத்த நம்பிக்கையை மீறினார்கள் என்று சொல்லிவிட்டது. வழக்குப் போட்டவர்களுக்குச் செலவுக் காசாக 1,50,000 ரூபா கட்டச் சொன்னது. உங்களுக்கும் எனக்கும் ஒரு சதமும் வரவில்லை. தீர்ப்பு முக்கியமில்லை என்று சொல்லவில்லை, வாக்குப் போடும்போது நிச்சயம் நினைவில் வையுங்கள். காசை எங்கே வைப்பது என்பதற்கு அதில் விடை இல்லை, அவ்வளவுதான். அதற்குப் பார்க்க வேண்டியது, நாட்டின் கடன் எந்தெந்த வழியால் உங்கள் வீட்டுக்குள் வந்தது என்பதை.

முதல் வழி விலை. 2022 மார்ச்சில் ரூபாவைப் பிடித்து வைப்பதை விட்டதும் மே மாதத்துக்குள் டொலர் 360 ரூபா ஆனது, செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதம், சாப்பாட்டுச் சாமானுக்கு 95-ஐத் தொட்டது. 2021 செப்டெம்பரில் 10 இலட்சத்தை 6 சதவீதத்துக்குப் போட்ட ஒருவருக்கு ஒரு வருடத்தில் 10 இலட்சத்து 60 ஆயிரம் கையில் வந்திருக்கும், அதில் வாங்கக்கூடியது முந்திய வருடம் 6 இலட்சத்து 20 ஆயிரத்துக்கு வாங்கிய சாமான். யாரும் அவருடைய வங்கிக் கணக்கில் கைவைக்கவில்லை, ஆனாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. அந்த நேரம் தப்பியவர்கள் யார் தெரியுமா? மூன்று மாத வைப்பில் வைத்திருந்தவர்கள். மத்திய வங்கி ஏப்ரலில் ஒரே நாளில் வட்டியை 7 சதவீதப் புள்ளி தூக்கியது, முதிர்ந்த காசை அவர்கள் 20 சதவீதத்துக்கு மேல் திரும்பப் போட்டார்கள். அரசாங்கம் குறுகிய காலக் கடனுக்கு விற்கும் திறைசேரி உண்டியலின் வட்டி 30-ஐயும் தாண்டியது. முழு இழப்பும் ஈடாகவில்லை, ஆனால் இரண்டு வருடத்துக்குப் பூட்டி வைத்தவர் வெறுங்கையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது வழிதான் உங்கள் வீட்டுக்குள் இப்போதும் திறந்து கிடக்கிறது, நீங்கள் அதைப்பற்றி ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். மாறும் வட்டி. 30 இலட்சத்துக்கு 12 சதவீதம் என்றால் மாதம் வட்டி மட்டும் 30,000. 2022 கடைசியில் பலருக்கு நடந்ததுபோல அது 26-க்குப் போனால் 65,000. உங்கள் சம்பளத்தில் என்ன மிஞ்சும் என்று நீங்களே பாருங்கள். பவுண் வாங்குவது பற்றி யோசிக்கிறீர்கள், நான் பயப்படுவது இதற்கு.

மூன்றாவது, ஊழியர் சேமலாப நிதி. 2023 நடுப்பகுதியில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்று ஒன்று வந்தது, அரசு உள்நாட்டில் வாங்கிய கடனின் நிபந்தனைகளை மாற்றும் வேலை, வங்கி வைப்புகளைத் தொடவில்லை, சேமலாப நிதியிடம் இருந்த பிணைமுறிகளை மாற்றச் சொன்னார்கள், மாற்றாவிட்டால் அந்த வருமானத்துக்கான 14 சதவீத வரி 30 ஆகும் என்று ஒரு மிரட்டலும். அங்கத்தவருக்கு 9 சதவீதம் குறையாது என்றார்கள். உழைக்கும் ஆளின் ஓய்வுக் காசில் கைவைத்துவிட்டுப் பெரிய முதலீட்டாளரை விட்டுவிட்டது நியாயமே இல்லை என்பது என் கருத்து, ஆனால் உங்கள் கணவர் இதில் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. சேமலாப நிதியை மட்டும் நம்பி ஓய்வுக்குப் போகாமல் இருக்கலாம், அதுதான். நல்லவேளை உங்களுக்கு அரச ஓய்வூதியம் இருக்கிறது.

நாலாவது வரியும் மின்கட்டணமும். பெறுமதி சேர் வரி இன்று 18, மின்கட்டணம் 2022 ஓகஸ்ட்டிலும் அடுத்த பெப்ரவரியிலும் ஏறிய ஏற்றம் எல்லாருக்கும் தெரியும். இதற்குத் தப்ப வழி கிடையாது.

சரி, திரும்ப நடக்குமா? 2024 டிசம்பரில் பிணைமுறிக் கடன்களை மாற்றி எழுதிவிட்டார்கள், சர்வதேச நாணய நிதியத்தின் கடன் திட்டத்தை அனுர அரசும் தொடர்கிறது, பெரிய தவணைகள் 2028-இலிருந்து கூடும். அதற்குள் டொலர் சேர்ந்தால் நல்லது. சேரும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன், தருகிறவர்களையும் நம்பாதீர்கள்.

இனி உங்கள் 24 இலட்சம். ஒரே நிதிக் கம்பனியில் முழுவதையும் வைத்திருப்பதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். அனுமதி பெற்ற ஒரு நிறுவனம் மூடப்பட்டால் வைப்புக் காப்புறுதி தருவது ஆளுக்கு, ஒரு நிறுவனத்துக்கு, 11 இலட்சம் வரை மட்டுமே. மிச்சம் 13 இலட்சத்துக்கு நீங்கள் வரிசையில் நிற்க வேண்டும். முதிர்வு வந்ததும் (இடையில் உடைக்காதீர்கள், வட்டியை வெட்டுவார்கள்) 8 இலட்சத்தை வீட்டுக்கடனில் கட்டுங்கள். அந்த 8 இலட்சம் வைப்பில் வருடம் 72,000 உழைக்கிறது, கடனில் 96,000 தின்கிறது. மிச்சப்படும் 24,000-ஐ விட, வட்டி திரும்ப ஏறினால் அடி 22 இலட்சத்துக்கு மட்டுமே விழும் என்பது பெரிது. முன்கூட்டிக் கட்டத் தண்டப்பணம் உண்டா என்று கடன் ஒப்பந்தத்தில் பாருங்கள். அப்படியே மிச்சக் கடனை ஐந்து வருடத்துக்கு நிலையான வட்டிக்கு மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள், ஒன்று ஒன்றரை சதவீதம் கூடக் கேட்டாலும் நான் என்றால் ஒப்புக்கொள்வேன்.

மீதி 16 இலட்சத்தை இரண்டு வங்கிகளில் 8, 8 ஆகப் பிரியுங்கள். ஒன்று மூன்று மாத வைப்பு, ஒன்று ஒரு வருடம். காரணம் மேலே சொன்னதுதான். அப்புறம், வட்டியில் 10 சதவீதம் பிடித்து வைக்கிறார்களா? உங்கள் மொத்த வருட வருமானம் 18 இலட்சத்துக்குக் கீழே என்றால் வங்கியில் சுயபிரகடனம் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். நிறையப் பேர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

பவுண்? ரூபா விழும்போது பவுண் ஏறும் என்பது உண்மைதான், ஆனால் முழுக்காசையும் அதில் போட்டால் பிள்ளைக்கு ஆஸ்பத்திரிச் செலவு வரும் நாளில் அடகுக் கடைக்குத்தான் ஓட வேண்டும். வீட்டில் ஏற்கெனவே நகை இருக்கும்தானே, அது போதும். புதிதாக வாங்கியே ஆகவேண்டும் என்றால் செய்கூலி போகாத நாணயமாக, மாதச் சம்பளத்தில் மிஞ்சுவதில் வாங்குங்கள்.

ரூபா விழுவதற்கு உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு மருந்து இருக்கிறது, அது அண்ணா. வங்கியைத் தவிர்த்து ஆள் மூலம் காசு மாற்றும் உண்டியலில் அனுப்பாமல் உங்கள் பெயரில் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்று திறந்து அதற்குள் அனுப்பச் சொல்லுங்கள், அந்த மாதம் தேவையில்லாததை டொலராகவே விடுங்கள். கறுப்புச் சந்தையில் நோட்டு வாங்கி அலுமாரியில் வைக்கும் வேலை வேண்டாம், அது சட்டச் சிக்கல்.

கடன் இரண்டு பேர் பெயரிலும் என்றால் வட்டியை மாற்றக் கணவரும் கையெழுத்துப் போட வேண்டும். வைப்பு முதிரும் கிழமையில் அவரை அரை நாள் லீவு போடச் சொல்லுங்கள், நல்லாட்சிக் கதையை வங்கி முகாமையாளரிடம் எடுக்கவேண்டாம் என்றும் சொல்லி வையுங்கள், அவருக்கும் ஒரு கட்சி இருக்கும்.