இரும்பு மாத்திரையும் பி.ஜி. காபியும்

பெங்களூரு மாரத்தஹள்ளியில் பி.ஜி. விடுதியில் இருக்கிறேன், இரண்டு மாதமாக இரும்பு மாத்திரை போட்டும் ஹீமோகுளோபின் 9.8-ஐத் தாண்டவில்லை என்கிறீர்கள், ஆனால் போகிற போக்கில் ஒன்று சொன்னீர்களே, காலை டிபனுக்கு அப்புறம் காபியோடுதான் மாத்திரையை விழுங்குவேன் என்று, எனக்கு அங்கேதான் சந்தேகம். காபி, டீயில் உள்ள பாலிஃபீனால்கள் என்ற தாவரச் சேர்மங்கள் இரும்பை உடலில் சரியாகச் சேரவிடாது. பாலின் கால்சியமும் அப்படித்தான். இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ராகி முத்தே (கேழ்வரகுக் களி), கீரையில் உள்ள இரும்பும் லேசில் சேராது, கூடவே எலுமிச்சையோ கொய்யாவோ இருந்தால் அதிலுள்ள வைட்டமின் சி கைகொடுக்கும். கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனாலே இரத்தசோகை, அதனால் காத்திருக்காமல் டாக்டரைப் பார்த்து ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), வைட்டமின் பி12 இரண்டுக்கும் இரத்தப் பரிசோதனை கேளுங்கள், மாதவிடாயில் இரத்தப்போக்கு அதிகம் என்றால் அதையும் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்.