காவல் நிலைய மாமூலும் நகராட்சிக் கணக்கும்: கேள்வி பதில்

உள்ளூர்க் காவல் நிர்வாகத்திலும் நகராட்சிகளிலும் நடக்கும் ஊழலை ஆய்வாளர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று பலர் கேட்டிருந்தீர்கள். நான் அதிகம் படித்தது அமெரிக்க நகரங்களைப் பற்றி. அதனால் பதில்களும் பெரும்பாலும் அங்கிருந்தே வருகின்றன.

திருச்சியிலிருந்து ஒரு சட்ட மாணவி: மேடம், இந்த ஆய்வை எங்கே தொடங்குவது? யார் எவ்வளவு வாங்கினார் என்ற கதைகளைத் தாண்டி இதில் என்ன இருக்கிறது?

நாப் ஆணையத்தின் அறிக்கையில் தொடங்கும்மா. 1970 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை நியூயார்க் நகரப் போலீஸின் ஊழலைப் பற்றி விரிவாக எழுதியது. பிராங்க் செர்பிகோ, டேவிட் டர்க் என்ற இரண்டு காவலர்கள் பல ஆண்டுகளாக மேலதிகாரிகளிடமும் மேயர் அலுவலகத்திலும் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில்தான் பத்திரிகையிடம் போனார்கள். அதன்பிறகே மேயர் ஜான் லிண்ட்சே, விட்மன் நாப் தலைமையில் ஆணையம் அமைத்தார். 1972-இல் அறிக்கை வந்தது.

அதில் மாமூல் பற்றிய பகுதியை நிதானமாகப் படி. சூதாட்டத்தைத் தடுக்க மப்டியில் அனுப்பப்பட்டவர்கள் சூதாட்டக்காரர்களிடம் மாதாமாதம் வாங்கிப் பங்கு பிரித்தார்கள். மிட் டவுன் மன்ஹாட்டனில் ஒரு பங்கு 300, 400 டாலர். ஹார்லெமில் 1,500 டாலர் வரை. மேற்பார்வையாளருக்கு ஒன்றரைப் பங்கு. புதிதாக வந்தவருக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் பங்கு கிடையாது, ஆள் நம்பகமானவர்தானா என்று பார்ப்பார்கள். அவர் மாற்றலாகிப் போகும்போது அந்த இரண்டு மாதப் பங்கைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். பணி விதி, பதவிக்கேற்ற விகிதம், பிரியும்போது பாக்கி என்று அரசாங்கச் சம்பளத்துக்கு இருப்பதெல்லாம் இதற்கும் இருந்தன. இப்படி ஓர் ஒழுங்கு எப்படி உருவாகிறது, யார் அதைக் காப்பாற்றுகிறார்கள் என்பதுதான் ஆய்வுக்குரிய கேள்வி. தனி ஆள் கதைகளில் அதற்கு விடை கிடைக்காது.

ஓய்வுபெற்ற எஸ்.ஐ. ஒருவர், சென்னை: எல்லாத் துறையிலும் நாலு பேர் கெட்டவர்கள் இருப்பார்கள். அதற்காகத் துறையையே குற்றம் சொல்வது நேர்மையாக உழைத்தவர்களுக்கு அநியாயம் இல்லையா?

ஐயா, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் நேர்மையானவர்களுக்கு அதிகக் கெடுதல் செய்தது இந்த 'நாலு பேர்' வாதம்தான் என்று நினைக்கிறேன். நாப் ஆணையமும் அதை வெளிப்படையாகவே மறுத்தது. துரத்திப் போய்ப் பெரிய தொகை பிடுங்கியவர்கள் சிலரே. தானாக வருவதை வேண்டாம் என்று சொல்லாதவர்கள்தான் ஏராளம். அவர்களுடைய எண்ணிக்கையால்தான் வாங்குவது சாதாரண விஷயமானது, வாங்காதவர் மீது சந்தேகம் விழுந்தது என்கிறது அறிக்கை. நாலு பேரைப் பிடித்து அனுப்பினால் போதும் என்று தலைமை நம்பும்வரை, வாங்காத காவலர் அங்கே தனி ஆள்தான். அப்போது கமிஷனராக வந்த பேட்ரிக் மர்ஃபி, தன் பிரிவில் நடக்கும் ஊழலுக்கு அந்தப் பிரிவின் அதிகாரியே பொறுப்பு என்று ஆக்கினார். 'எனக்குத் தெரியாது' என்று அதிகாரி ஒதுங்க முடியாமல் போனது. நேர்மையானவருக்கு உண்மையான துணை அதுதான் ஐயா.

சிங்கப்பூரிலிருந்து: போலீஸ் பதவியே விலைக்கு விற்கப்பட்டதாகப் படித்தேன். உண்மையா?

உண்மை. 1894-இல் நியூயார்க் போலீஸை விசாரித்த, மாநிலச் செனட்டின் லெக்ஸோ குழுவின் முன் டிமோதி கிரீடன் என்ற கேப்டன், அந்தப் பதவிக்கு 15,000 டாலர் கொடுத்ததாகச் சாட்சி சொன்னார். அவருடைய பல ஆண்டுச் சம்பளம் அது. போட்ட பணத்தை எங்கிருந்து எடுப்பார்? தெருவிலிருந்துதான். நகர அரசியலை அன்று டாமனி ஹால் என்ற, ஜனநாயகக் கட்சியின் உள்ளூர் அமைப்பினர் கையில் வைத்திருந்தார்கள், நியமனமும் அவர்கள் வழியாகத்தான்.

கோவை, தணிக்கையாளர்: பதிவேடு, சம்பளப் பட்டியல் மாதிரியான காகிதங்களை மட்டும் வைத்து ஊழலைக் கண்டுபிடித்த உதாரணம் உண்டா?

உங்கள் தொழிலுக்கே ஏற்ற உதாரணம் இருக்கிறது சார். கலிபோர்னியாவில் பெல் என்ற சின்ன ஊர், மக்கள்தொகை ஏறக்குறைய 35,000. பெரும்பாலும் லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்த ஏழை உழைப்பாளிகள். 2010-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் நிருபர்கள் இருவர் பக்கத்து ஊரான மேவுட்டின் நிதிச் சிக்கலை விசாரிக்கப் போய், பெல்லின் நகர மன்ற உறுப்பினர் சம்பளத்தை மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகம் விசாரிப்பதாகத் தெரிந்துகொண்டார்கள். உடனே தகவல் சட்டப்படி ஆவணம் கேட்டார்கள்.

கிடைத்த காகிதங்கள் அதிர வைத்தன. நகர மேலாளர் ராபர்ட் ரிஸோவுக்கு ஆண்டுச் சம்பளம் ஏறக்குறைய 8 லட்சம் டாலர், படிகளும் சேர்ந்தால் 15 லட்சம். போலீஸ் தலைவருக்கு 4,57,000 டாலர். பக்கத்திலிருக்கும் லாஸ் ஏஞ்சல்ஸ் மாநகரின் போலீஸ் தலைவரே அதைவிட மிகக் குறைவாகத்தான் வாங்கினார். பகுதி நேர மன்ற உறுப்பினர்களில் பெரும்பாலோருக்கு ஏறக்குறைய ஒரு லட்சம். அதை எப்படிக் கணக்கில் காட்டினார்கள் தெரியுமா? சில நிமிடங்களே கூடிய, சில சமயம் கூடவே செய்யாத துணை வாரியங்களின் உறுப்பினர் ஊதியமாக!

இதற்கு வழி திறந்தது 2005-இல் நடந்த ஒரு சிறப்புத் தேர்தல். ஊருக்குத் தனிச் சாசனம், அதாவது ஊரே தன் நிர்வாக விதிகளை வகுத்துக்கொள்ளும் ஆவணம், வேண்டுமா என்று கேட்டார்கள். வாக்களித்தவர்கள் 400 பேர்கூட இல்லை. சாசனம் வந்ததும் மாநிலம் விதித்த ஊதிய உச்சவரம்பு அவர்களைக் கட்டுப்படுத்தவில்லை. 2011 மார்ச்சில் ஊர் மக்கள் வாக்களித்து நகர மன்ற உறுப்பினர்களைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். 2014-இல் ரிஸோவுக்கு 12 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. அந்த ஊர்க் கூலிக்காரர்களின் வரிப்பணம் அது என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் கொதிக்கிறது.

மதுரை, செய்தியாளர்: லஞ்சமே வாங்காமல், சட்டப்படியே நகராட்சியும் போலீஸும் மக்களைச் சுரண்ட முடியுமா?

முடியும். மிசூரி மாநிலத்தின் பெர்குசன் நகரைப் பாருங்கள். 2014-இல் மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞர் அங்கே போலீஸால் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு அமெரிக்க நீதித் துறை விசாரித்து 2015 மார்ச்சில் அறிக்கை தந்தது. நிதியாண்டு 2010-இல் நகரத்தின் பொது நிதி 1.1 கோடி டாலர், அதில் அபராதமும் கட்டணமும் 13.8 லட்சம். 2015 பட்ஜெட்டிலோ 1.33 கோடியில் 30.9 லட்சத்தை அபராதத்திலிருந்து எதிர்பார்த்தார்கள். வசூலைக் கூட்டச் சொல்லி நிதி அதிகாரி போலீஸ் தலைவருக்கு எழுதிய மின்னஞ்சலும் சிக்கியது.

ஒரு பெண், 2007-இல் வண்டியைத் தப்பாக நிறுத்தியதற்கு 151 டாலரும் கட்டணங்களும் விதிக்கப்பட்டவர். பணம் கட்ட முடியாமல், நீதிமன்றத்துக்கும் வராமல் போனதற்காக மேலும் மேலும் சேர்ந்தது. இரண்டு முறை கைது, ஆறு நாள் சிறை. 550 டாலர் கட்டிய பிறகும் 2014 டிசம்பரில் 541 டாலர் பாக்கி நின்றது! இதில் யாரும் கைநீட்டி லஞ்சம் வாங்கவில்லை. நிறுத்தப்பட்ட வாகன ஓட்டிகளில் 85 சதவீதம் பேர் கறுப்பர்கள், ஊரில் அவர்கள் 67 சதவீதம். ஆகவே தம்பி, நகராட்சி பட்ஜெட் கையில் கிடைத்தால் செலவுப் பக்கத்துக்கு முன்னால் வரவுப் பக்கத்தைப் பாருங்கள்.

சேலம், ஆய்வு மாணவர்: அக்கா, இதே முறையில் நம் ஊரில் ஆய்வு செய்யலாமா?

அப்படியே பெயர்த்து வைக்க முடியாதுப்பா. அமெரிக்காவில் பல நகரங்களில் போலீஸ் தலைவரை நியமிப்பது மேயரோ நகர மேலாளரோதான். இங்கே காவல், மாநிலப் பட்டியலில் இருக்கிறது. உள்ளாட்சிகளுக்கென்று அரசியலமைப்பின் 12-ஆம் அட்டவணை சொல்லும் 18 பணிகளில் காவல் இல்லை. போக்குவரத்து அபராதமும் நகராட்சிக் கஜானாவுக்குப் போவதில்லை. அதனால் பெர்குசனின் தூண்டுதல் இங்கே அதே வடிவில் இருக்காது.

நகராட்சியின் அதிகாரமும் போலீஸின் அதிகாரமும் ஒரே ஆள் மீது வந்து விழும் இடத்தைத் தேடு. என் பார்வையில் அது தெருவோர வியாபாரம். தள்ளுவண்டிக்காரரை நகராட்சியும் அப்புறப்படுத்தலாம், போலீஸும் விரட்டலாம். 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் நகர விற்பனைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகள் இருக்க வேண்டும், காவல் துறைக்கும் இடம் உண்டு. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்றும் சொல்கிறது. உன் ஊரில் அந்தக் குழு எத்தனை முறை கூடியது, யார் வந்தார்கள், என்ன முடிவானது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனு போடு. 30 நாளில் பதில் தர வேண்டும். கூடவே உள்ளாட்சித் தணிக்கை அறிக்கையில் தரைவாடகை, சந்தைக் குத்தகை பற்றிய ஆட்சேபணைகளையும் கேட்டு வாங்கு. பிறகு வியாபாரிகளிடம் போய் ஒரு நாளில் யார் யாருக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று பொறுமையாகக் கேள். அவர்கள் பெயரையும் கடை இருக்கும் இடத்தையும் உன் குறிப்பேட்டில்கூட எழுதாதே. அடுத்த நாளும் அவர்கள் அதே தெருவில்தான் வண்டி நிறுத்த வேண்டும்.