ஹாலோவீனுக்குப் போகலாமா?

கடிதம்:

வணக்கம். நாங்கள் நியூ ஜெர்சிக்குக் குடிவந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. அக்டோபர் 31ஆம் தேதி இங்கே கொண்டாடும் ஹாலோவீனுக்கு வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போகவேண்டும் என்று ஆறு வயது மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். முன்பின் தெரியாதவர் கதவைத் தட்டி மிட்டாய் கேட்பது பிச்சை மாதிரி இருக்கிறது என்கிறார் என் மாமியார். எனக்கோ மிட்டாயில் யாராவது எதையாவது கலந்திருப்பார்களோ என்று பயம். போகலாமா?
ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தாராளமாகப் போகலாம். நீங்களும் கூடவே போங்கள்.

நவராத்திரிக்கு வீடு வீடாகக் கொலு பார்த்து, ஒரு பாட்டுப் பாடிச் சுண்டல் வாங்கி வருவதை நாம் பிச்சை என்று நினைப்பதில்லையே. இதுவும் அப்படித்தான். பிள்ளைகள் வரவேண்டும் என்ற ஆசையில்தான் அந்த வீட்டுக்காரர்கள் மூட்டையாக மிட்டாய் வாங்கி வைத்துக் காத்திருக்கிறார்கள். வாசல் விளக்கு எரிந்தால் வரலாம். அணைந்திருந்தால் தட்டாமல் கடந்துவிட வேண்டும். எங்கும் எழுதி வைக்காத இந்த விதியை வாண்டுகள்கூட மதிப்பது எனக்கு மிகவும் பிடிக்கும்.

அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் வேஷம் கட்டிய பிள்ளைகள் பாட்டோ செய்யுளோ சொல்லிவிட்டுப் பழமும் கொட்டைகளும் வாங்கிப் போவார்கள். அங்கிருந்து குடியேறியவர்களோடு அமெரிக்காவுக்கு வந்த வழக்கம் இது. இரண்டாம் உலகப் போர்க்காலச் சர்க்கரைப் பங்கீட்டில் மங்கிப்போய், 1947இல் பங்கீடு முடிந்தபின் புறநகர்த் தெருக்களில் பெரிதாகப் பரவியது.

அப்புறம், விஷ மிட்டாய். சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட், 1958 முதலான செய்திகளைப் பல ஆண்டுகள் தேடித் தொகுத்திருக்கிறார். வீடு வீடாகப் போன பிள்ளைக்கு முகம் தெரியாத யாரோ விஷம் வைத்துக் கொன்றதாக உறுதியான ஒரு சம்பவம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. 1974இல் டெக்சாஸில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் சயனைடு கலந்த மிட்டாய் தின்று இறந்தது உண்மை. காப்பீட்டுப் பணத்துக்காக அதைக் கொடுத்தது அவனைப் பெற்ற தகப்பன். பழியோ இன்றுவரை அக்கம்பக்கத்தார் தலையில் கிடக்கிறது. இது எனக்குப் பெரிய வருத்தம்.

நிஜமான ஆபத்து கார்கள்தான். கறுப்பு உடை என்றால் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டையை ஒட்டி, கையில் டார்ச் கொடுங்கள். முகமூடி கண்ணை மறைக்கும். முகத்தில் சாயம் பூசுவதே மேல். உறை பிரிந்திருக்கும் மிட்டாயைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். வேர்க்கடலை போன்றவை ஒத்துக்கொள்ளாத குழந்தை என்றால், வாசலில் நீலப்பச்சைப் பூசணி வைத்திருக்கும் வீடுகளைப் பாருங்கள். அங்கே ஸ்டிக்கர், சின்ன பொம்மை மாதிரி ஏதாவது கிடைக்கும். குளிருக்கு ஸ்வெட்டரை வேஷத்துக்கு உள்ளே போட்டுவிடுங்கள்; மேலே கோட் மாட்டினால் நடுத்தெருவில் அழுகைதான்.

எதிர்வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாமல் வருஷம் ஓடிவிடுகிற ஊர்கள் இவை. அந்த ஒரு சாயங்காலம் தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிடுகிறது. அதனால் மாமியாரை வீட்டில் மிட்டாய்க் கூடையோடு உட்காரச் சொல்லுங்கள். வருகிற பிள்ளைகளுக்கு அவர் கையால் கொடுக்கட்டும். ஆங்கிலம் வராதே என்று தயங்கினால், ‘ஹாப்பி ஹாலோவீன்’ என்ற இரண்டு சொல் போதும் என்று சொல்லுங்கள்.