பெயருக்கா காசு, பொருளுக்கா?

வாசகர் கேள்வி–பதில்

மாத மளிகையில் உப்பு, பருப்பு, மஞ்சள் தூள் எல்லாமே விளம்பரத்தில் வரும் கம்பெனியாகத்தான் வீட்டில் வாங்குகிறோம். தெருமுனைக் கடையில் அவர்களே பொட்டலம் கட்டி விற்பது கிலோவுக்கு இருபது, முப்பது ரூபாய் குறைகிறது. மாறலாமா?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பாதி மாறலாம், பாதி வேண்டாம். கண்ணால் பார்த்தே தரம் சொல்லிவிடக்கூடிய சாமானுக்குப் பெயர் பார்க்கத் தேவையில்லை. பருப்பு, ரவை, சர்க்கரை, கடுகு, முழு மிளகு எல்லாம் இந்த வகை.

துவரம்பருப்பை ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். பூச்சி அரித்த துளை, சுருங்கிய பருப்பு, கல் எவ்வளவு என்று தெரியும். சில பருப்பு ஒரு பக்கம் சரிந்து, ஆப்பு போன்ற வடிவில் கிடந்தால் கேசரிப் பருப்பு என்ற கலப்படப் பருப்பு கலந்திருக்கிறது. அந்தக் கடைப் பக்கமே போகாதீர்கள். முதல் தடவை கால் கிலோ மட்டும் வாங்கி வேகவைத்துப் பாருங்கள். வேகவில்லை என்றால் பருப்பு பழசாக இருக்கலாம். தண்ணீர் உப்புத் தண்ணீராகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட கடின நீரில் உள்ள கால்சியம் பருப்பை இறுக்கிவிடும், எந்தக் கம்பெனிப் பருப்பும் குழையாது. குடிக்கிற தண்ணீரில் ஒரு தடவை வேகவைத்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

உப்பில் பார்க்க வேண்டியது அயோடின் ஒன்றுதான். வீட்டுக்கு வந்து சேரும்போது கிலோவுக்கு 15 மில்லிகிராமாவது அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. பாக்கெட்டில் 'அயோடின் கலந்தது' என்று இருந்தால் விலை குறைந்ததும் போதும். அதை அடுப்பு மேடையில் திறந்து வைத்தால்தான் வீண். ஈரத்திலும் சூட்டிலும் அயோடின் போய்விடும். மூடி போட்ட டப்பாவில் வையுங்கள், குழம்பு இறக்கும்போது போடுங்கள்.

அரைத்த பொருளில் மட்டும் விலையைப் பார்த்து மாறாதீர்கள். மஞ்சள் தூள், மிளகாய்த் தூளில் உள்ளே என்ன இருக்கிறது என்று கண் சொல்லாது. ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் அரை ஸ்பூன் மிளகாய்த் தூளைத் தூவிவிடுங்கள். செங்கல் தூளோ மணலோ கலந்திருந்தால் அடியில் படியும். அதை விரலால் தேய்த்தால் நறநறக்கும். நல்ல மஞ்சள் தூள் மெல்ல அடியில் இறங்கி, மேலே தண்ணீர் வெளிர் மஞ்சளாக நிற்கும். போட்ட மாத்திரத்தில் தண்ணீர் முழுவதும் அடர் மஞ்சளானால் சாயம் என்று சந்தேகப்படலாம். மிளகாய், மல்லி, விரலி மஞ்சள் வாங்கி, வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து மில்லில் அரைப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. உங்களுக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மல்லிக்குப் பிறகு மஞ்சள் போட்டால் முதல் கால் கிலோ மல்லி வாசம்தான் அடிக்கும்.

ஒரே அளவுள்ள இரண்டு குளியல் சோப்பு. ஒன்று இன்னொன்றைவிட இரண்டு மடங்கு விலை. வாசனைக்கும் நடிகைக்கும்தானே இந்தக் காசு?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

ஓரளவுக்கு அதற்குத்தான். ஆனால் உறையைத் திருப்பிப் பாருங்கள், பின்பக்கம் பொடி எழுத்தில் இரண்டு விஷயம் இருக்கும்.

முதலாவது டி.எஃப்.எம். சோப்பில் உண்மையான கொழுப்புப் பொருள் எத்தனை சதவீதம் என்ற கணக்கு. இந்தியத் தர விதிப்படி 76 சதவீதமும் அதற்கு மேலும் முதல் தரம், 70 இரண்டாம் தரம், 60 மூன்றாம் தரம். உறையில் 'கிரேடு 1' என்றும் போட்டிருப்பார்கள். இரண்டாவது, அது 'டாய்லெட் சோப்'பா, 'பேத்திங் பார்' வகையா என்பது. பேத்திங் பாருக்கு 40 சதவீதம் இருந்தாலே போதும். மிச்ச எடையை டால்க் போன்ற நிரப்புப் பொருள் பிடித்துக்கொள்ளும். சோப்புப் பெட்டியில் கொழகொழவென்று கரைந்து ஒட்டும் சோப்பு பெரும்பாலும் இந்த ரகம்தான். 'தண்ணீர் கொஞ்சம் பட்டதற்கே கரைந்துவிட்டதே' என்று பிள்ளைகளைத் திட்டிக்கொண்டிருப்போம்.

ஒரே கம்பெனி, ஒரே பெயர், வேறு வேறு நிறம் என்று நான்கு வகை விற்கும். ஒன்று கிரேடு 1, பக்கத்தில் இருப்பது பேத்திங் பார். அதனால் பெயரைச் சொல்லி வாங்கினால் ஏமாறலாம். விலை மலிவான, விளம்பரமே இல்லாத கிரேடு 1 சோப்புகள் கடையின் கீழ்த் தட்டில் தூசியோடு கிடக்கும்.

ஒரு விலக்கு உண்டு. வறண்ட தோலுக்கென்று தோல் மருத்துவர் எழுதித் தருகிற சில கட்டிகள் சோப்பே அல்ல, வேறு வகைச் சுத்திகரிப்புப் பொருள். அவற்றை டி.எஃப்.எம். வைத்து எடை போடக் கூடாது.

குக்கர் கேஸ்கெட் கம்பெனிச் சரக்கு விலை அதிகம். பாத்திரக் கடையில் 'எல்லா குக்கருக்கும் பொருந்தும்' என்று பாதி விலைக்குத் தருகிறார்கள். போட்டபின் விசிலே வரவில்லை. என்ன தப்பு?
— ஒரு வாசகி, திருச்சி

இந்த இடத்தில் பெயர் பார்த்தே ஆக வேண்டும். தப்பு கேஸ்கெட்டின் கனத்தில் இருக்கிறது. மூடிக்கும் பாத்திர விளிம்புக்கும் இடையிலுள்ள இடைவெளி கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஒரு மில்லிமீட்டர் கனம் கூடினால் மூடியைத் திருப்ப முடியாது. குறைந்தால் ஆவி பக்கவாட்டில் கசியும், உள்ளே அழுத்தம் ஏறாது, விசிலும் வராது. தண்ணீர் வற்றி அடி பிடிப்பது அதனால்தான்.

வாங்கப் போகும்போது கம்பெனி, எத்தனை லிட்டர், மூடி உள்ளே போகிற வகையா மேலே உட்காருகிற வகையா, இந்த மூன்றையும் சொல்லுங்கள். பழைய கேஸ்கெட்டைக் கையோடு கொண்டுபோவது இன்னும் நல்லது. அதற்கும் முன்னால் பழசு உண்மையிலேயே போய்விட்டதா என்று பாருங்கள். வளைத்தால் வெடிப்பு தெரிந்தாலோ, இழுத்துவிட்டால் பழைய அளவுக்குத் திரும்பாவிட்டாலோ மாற்ற வேண்டியதுதான். ரப்பர் நன்றாக இருந்தும் விசில் வரவில்லை என்றால் வெயிட் உட்காரும் குழாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பருப்பு நுரை காய்ந்து அடைத்திருக்கும். ஈர்க்குச்சியால் குத்தி எடுத்து, தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

கேஸ்கெட்டைவிட முக்கியம் சேஃப்டி வால்வு. அதன் நடுவிலுள்ள உலோகம் குறிப்பிட்ட சூட்டில் உருகி ஆவியை வெளியே விட வேண்டும். போலி வால்வு உருகாமல் நின்றுவிட்டால் மூடி பறக்கும். அதில் பத்து இருபது ரூபாய் மிச்சம் பிடிக்காதீர்கள். உருகிய வால்வை ஈயம் வைத்து அடைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள். காய்க்கு மூன்றில் இரண்டு பங்கு, பொங்குகிற அரிசிக்கும் நுரைக்கிற பருப்புக்கும் அரைப் பாத்திரம், அதற்கு மேல் நிரப்பக் கூடாது. புதுக் குக்கர் வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு மேல் ஐ.எஸ். 2347 என்ற எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த உரிம எண்ணை, முத்திரை வழங்கும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டால் யாருடையது என்று காட்டிவிடும்.

சமையல் எண்ணெய் எல்லா பாக்கெட்டும் ஒரே உயரம். விலை மட்டும் ஏன் வேறு?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

எடையைப் படியுங்கள். ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம் இருக்கும். பக்கத்துப் பாக்கெட் 850 மில்லியாகவோ 800 கிராமாகவோ இருந்தால் அது லிட்டரே இல்லை. பத்து ரூபாய் மலிவு என்று எடுத்துப் போட்டு, ஒரு டம்ளர் எண்ணெயைக் கடையிலேயே விட்டு வருவோம். ஒரு கிராம் அல்லது ஒரு மில்லி என்ன விலை என்று இப்போது பாக்கெட்டிலேயே அச்சிடுகிறார்கள். அந்த எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள். 'கலப்பு எண்ணெய்' என்று இருந்தால் எந்த எண்ணெய் எத்தனை சதவீதம் என்பதும் கூடவே இருக்கும். முன்பக்கம் பெரிதாகப் படம் போட்ட எண்ணெய் உள்ளே இருபது சதவீதம்தான் என்று தெரிந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

ஃபில்டர் காபிக்குப் பெயர் பெற்ற கடைத் தூள்தான் வேண்டுமா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

உறையில் சிக்கரி எத்தனை சதவீதம் என்று பார்த்து வாங்குங்கள். சட்டப்படி 49 வரை போகலாம். டிகாஷன் கறுப்பாக, கெட்டியாக இறங்குவது சிக்கரியின் வேலை; காபி வாசனைக்கு அது உதவாது. 80க்கு 20 பல வீடுகளுக்குப் பிடித்த கலவை. பெரிய பெயர் போட்டு 60க்கு 40 விற்பதைவிட, கண்ணெதிரே வறுத்து அரைக்கும் சின்னக் கடையில் 100 கிராம் வாங்கி ஒரு வாரத்தில் தீர்ப்பது மேல்.

மருந்திலும் மலிவு பார்க்கலாமா?
— ஒரு வாசகர், மதுரை

காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் 500 மில்லிகிராம் எந்தப் பெயரில் வந்தாலும் உள்ளே இருப்பது அதே மருந்துதான். மக்கள் மருந்தகத்தில் தாராளமாக வாங்குங்கள். தைராய்டு, வலிப்பு மாத்திரைகள் வேறு கதை. அவற்றில் அளவு இம்மி மாறினாலும் உடம்பு காட்டிவிடும். எந்தப் பெயரில் தொடங்கினீர்களோ அதையே தொடருங்கள். மாற்றுவதானால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றி, அவர் சொல்லும் இடைவெளியில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கடையில் 'அது இல்லை, இது அதேதான்' என்று நீட்டினால், இந்த இரண்டுக்கும் மட்டும் அடுத்த கடைக்கு நடங்கள்.