கொட்டேஷனில் ‘ஸ்நோமெட் லைசென்ஸ்’ கட்டணம்: கட்ட வேண்டுமா?

கேள்வி: திருநெல்வேலியில் சிறிய மருத்துவமனை நடத்துகிறோம். நோயாளிப் பதிவுகளைக் கணினிக்கு மாற்ற ஒரு சாஃப்ட்வேர் நிறுவனம் கொட்டேஷன் தந்துள்ளது. அதில் ‘ஸ்நோமெட் சிடி, லாயின்க் லைசென்ஸ்’ என்று ஆண்டுத்தொகை தனியாக இருக்கிறது. இதைக் கட்டித்தான் ஆக வேண்டுமா?

பதில்: அந்தத் தொகைக்கு எழுத்தில் விளக்கம் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.

நோய், அறிகுறி, சிகிச்சை ஒவ்வொன்றுக்கும் எண் கொடுக்கும் தொகுப்பு ஸ்நோமெட் சிடி. இந்தியா 2014இல் இதை நடத்தும் சர்வதேச அமைப்பின் உறுப்பு நாடானது. நாட்டுக்கான கட்டணத்தை அரசே ஏற்பதால், இந்தியாவுக்குள் பயன்படுத்த லைசென்ஸ் கட்டணம் கிடையாது. ஆய்வகப் பரிசோதனைகளுக்கு எண் கொடுக்கும் தொகுப்பான லாயின்க், அமெரிக்காவின் ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனம் உலகம் முழுமைக்கும் இலவசமாகத் தருவது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டு எண் தொகுப்பான ஐசிடி-11க்கும், மாற்றாமல் பயன்படுத்தினால், கட்டணமில்லை.

ஆனால் இலவசம் என்பதால் லைசென்ஸே வேண்டாம் என்றாகிவிடாது. ஸ்நோமெட்டைத் தன் மென்பொருளில் சேர்க்கும் நிறுவனம் பதிவுசெய்து அஃபிலியேட் லைசென்ஸ் (ஸ்நோமெட்டைப் பயன்படுத்தும் அனுமதி) வாங்கியிருக்க வேண்டும். இந்தியாவில் இதைக் கவனிப்பது மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான புனே சி-டாக்கில் உள்ள தேசிய மையம். அந்த லைசென்ஸைக் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் மென்பொருளை மட்டும் பயன்படுத்தினால் அவர்கள் லைசென்ஸின் கீழேயே நீங்களும் வந்துவிடுவீர்கள். உங்கள் ஆட்களே தொகுப்பை இறக்கிச் சொந்த மென்பொருளில் சேர்ப்பதானால் நீங்கள் தனியாகப் பதிவுசெய்ய வேண்டும்.

நிறுவனத்துக்கு வேலையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஸ்நோமெட்டின் சர்வதேசப் பதிப்பு 2022 முதல் மாதந்தோறும் வருகிறது. லாயின்க் ஆண்டுக்கு இருமுறை. புதிய பதிப்பை ஏற்றுவது, உங்கள் பழைய நோய்ப் பட்டியலை எண்களோடு பொருத்துவது எல்லாம் உழைப்பு. அதற்குக் கேட்கட்டும், ‘பராமரிப்பு’ என்ற பெயரில். அரசு கொடுத்துவிட்ட பணத்தை லைசென்ஸ் என்று உங்களிடம் மறுபடி வசூலிப்பது சரியல்ல. விற்க வருபவருக்கே சில சமயம் இது தெரியாது; அதனால் சண்டை வேண்டாம், கேள்வி போதும்.

கட்டணம் உண்மையிலேயே எழும் இடங்களும் உண்டு. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சிபிடி எனும் சிகிச்சை எண்களுக்குக் காசு கொடுத்தே லைசென்ஸ் பெற வேண்டும்; அமெரிக்க இன்ஷூரன்ஸ் பில் போடாத உங்களுக்கு அது எதற்கு என்று கேளுங்கள். ஸ்நோமெட்டில் சேராத வெளிநாட்டில் கிளை திறந்தாலும் கணக்கு மாறலாம்.

ஒப்பந்தத்தில் இன்னொன்றையும் சேர்க்கச் சொல்லுங்கள்: நாளை வேறு நிறுவனத்துக்கு மாறினால், நோயின் பெயரோடு அதன் ஸ்நோமெட் எண்ணும் பதிப்புத் தேதியும் சேர்ந்தே உங்கள் கைக்கு வர வேண்டும், தனிக் கட்டணமில்லாமல்.