தள்ளுவண்டியைக் கிள்ளானிலேயே விட்டுவிட்டு வாருங்கள்

தங்கச்சி, உங்கள் கடிதத்தைப் படித்தேன். கணவருக்குச் சேலத்துக்கு வேலை மாற்றம், ஒன்றரை வயதுப் பையனோடு மலேசியாவின் கிள்ளானிலிருந்து குடிவரப் போகிறீர்கள். விசா, வீட்டு வாடகை, பள்ளி, மாதச் செலவு என்று வரிசையாகக் கேட்டுவிட்டுப் போகிற போக்கில், "பையன் வெளியே சுற்றியே பழகியவன், அங்கே அவனைக் கூட்டிப்போக இடம் இருக்கிறதா, தள்ளுவண்டி கொண்டுவரலாமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாடகைப் பேரத்தை உங்கள் மாமனார் பார்த்துக்கொள்வார். விசா நீட்டிப்புக்கு இப்போது இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். நான் வந்த காலத்தில் ஓர் அலுவலகத்தில் காலையிலிருந்து காத்திருந்து, மகள் நாற்காலிக்கு அடியில் படுத்துத் தூங்கிவிட்டாள். அங்கிருந்தவர் அப்போதும் "நாளைக்கு வாருங்கள்" என்றுதான் சொன்னார். உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஆகவே கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

நானும் மலேசியாதான், ஈப்போக்காரி. மகள் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிய வயதில், சித்திரை வெயிலில், சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மாமியார் வீட்டில் வந்து இறங்கினேன். ஈப்போவில் டி. ஆர். சீனிவாசகம் பூங்காவின் புல்வெளியில் மாலைதோறும் அவளை ஓடவிட்டுப் பழக்கம். செவ்வாய்ப்பேட்டையில் வாசலைத் தாண்டினால் மூட்டை இறக்கும் லாரி, அதைச் சுற்றிப்போக முண்டும் ஆட்டோ, ஓரத்தில் சாக்கடைக்கு மேல் பாவிய பலகைக்கல். இரண்டு கல்லுக்கு நடுவே தள்ளுவண்டியின் முன்சக்கரம் சிக்கிக்கொண்டது. சுமை தூக்குகிற இரண்டு பேர் ஓடிவந்து, குழந்தையோடு சேர்த்தே வண்டியைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். இந்த ஊரில் நடைபாதை என்பது கடைக்காரர் சரக்கு வைக்கும் இடம். இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லி ஆதங்கப்பட்டாகிவிட்டது, எதுவும் மாறவில்லை. ஆடி பிறப்பதற்குள் அந்த வண்டி மொட்டை மாடியில் வற்றல் தட்டு வைக்கும் சாமானாகிவிட்டது. பிள்ளையை இடுப்பில் தூக்கப் பழகிக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் கட்டிக்கொள்ளும் துணித்தூளி இருந்தால் அதைக் கொண்டுவாருங்கள், வெகுவாக உதவும்.

வெயில் பற்றி ஒரு எச்சரிக்கை. கிள்ளானில் பார்க்காத வெயிலா என்று நினைப்பீர்கள். அங்கே காற்றில் ஈரம் உண்டு, வியர்வை உடம்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும். சேலத்துக் கோடைக்காற்று வறண்டது. வியர்வை வந்த சுவடே தெரியாமல் உலர்ந்துவிடும், பிள்ளை வாடுவது கண்ணுக்குத் தெரியாது. டயப்பரைப் பாருங்கள். வழக்கமான நேரம் தாண்டியும் நனையவில்லை, நனைந்தாலும் அடர்மஞ்சளாக இருக்கிறது என்றால் தண்ணீர் போதவில்லை. நுங்கு நல்லது, ஆனால் முழுச் சுளையை வாயில் போட்டுவிடாதீர்கள். வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள் போய்விடும். மேல்தோலை உரித்து விரலால் நசுக்கிக் கொடுங்கள். மற்றபடி நேரம்தான் கணக்கு. காலையில் எட்டு மணிக்குள் ஒரு சுற்று, மாலையில் ஐந்தரைக்கு மேல் ஒரு சுற்று. இடைப்பட்ட நேரத்தில் ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும், நீங்களும் சாத்திக்கொள்ளுங்கள்.

ஆனால் நாள் முழுவதும் சாத்திக்கொண்டு இருந்துவிடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து இங்கே வந்து குடியேறுகிறவர்களில் ஒரு கூட்டம் இருக்கிறது. சிங்கப்பூர், துபாய், நம் மலேசியாக்காரர்களும் உண்டு. காவலாளி நிற்கும் அடுக்குமாடி, குளிரூட்டிய அறை, அங்கிருந்து குளிரூட்டிய காரில் ஏறிக் குளிரூட்டிய கடை வளாகம். பிள்ளையின் காலில் மண் பட்டிருக்காது. யாராவது கன்னத்தைக் கிள்ளினால் உடனே கைப்பையிலிருந்து துடைக்கும் தாள் வரும். பிறகு கூடிப் பேசும்போது, "இந்த ஊரில் குழந்தைகளுக்கு ஒன்றுமே இல்லை" என்று குறைப்படுவார்கள். எனக்கு எரிச்சல் வரும். ஒன்று முதல் இரண்டு வயதுப் பிள்ளை நாளொன்றுக்கு மொத்தம் மூன்று மணி நேரமாவது ஓடியாடி இருக்க வேண்டும், ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. இவர்கள் வீட்டில் கைப்பேசியில் பாட்டு ஓடினால்தான் சோறு இறங்கும். என் மாமியார் எந்த அறிக்கையையும் படித்தவரல்லர். மாலையானால் கிண்ணத்தில் பருப்புச் சாதத்தோடு மாடிக்குப் போவார். காக்கை, பக்கத்து மாடிப் பட்டம், இருட்டிய பிறகு சேர்வராயன் மலைப்பாதையில் ஏறும் வண்டிகளின் விளக்கு என்று காட்டிக் காட்டியே கிண்ணத்தைக் காலி செய்துவிடுவார். மாடிக் கைப்பிடிச் சுவரின் உயரத்தை மட்டும் வீடு பார்க்கும்போதே அளந்துகொள்ளுங்கள். பல பழைய வீடுகளில் அது முழங்கால் உயரம்தான்.

அடுத்தது ஸ்கூட்டர். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. இங்கே பிள்ளையை ஸ்கூட்டரின் முன்னால், ஓட்டுகிறவரின் இரண்டு முழங்காலுக்கும் நடுவே நிற்கவைத்துக் கூட்டிப்போவது வழக்கம். பார்க்க அழகாகத்தான் இருக்கும், பிள்ளையும் காற்று முகத்தில் பட்டால் சிரிக்கும். திடீரென்று பிரேக் போட்டால் அதன் நெஞ்சும் தாடையும் போய் இடிக்கும் இடம் கைப்பிடிக் கம்பி. நான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை இருசக்கர வண்டியில் ஏற்றினால் ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பட்டை, பிள்ளை அளவுக்கு ஹெல்மெட் வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று 2022இல் மத்திய அரசு விதி வெளியிட்டது, அடுத்த ஆண்டு நடைமுறைக்கும் வந்தது. அப்படிக் கட்டிக்கொண்டு போகும் ஒருவரை ஐந்து ரோடு சந்திப்பில் பார்த்தால் எனக்குச் சொல்லுங்கள், மாலை போட்டு வரவேற்கிறேன். உங்கள் கொழுந்தனார் "சும்மா ஒரு சுற்று அண்ணி" என்பார். முகம் சுளித்தாலும் பரவாயில்லை, முதல் நாளே முடியாது என்று சொல்லிவிடுங்கள். அப்படிச் சொன்னதற்காக என்னை ஒரு தீபாவளி முழுவதும் "மலேசியாக்காரி" என்று கிண்டல் செய்தார்கள். இன்று அதே வீட்டில் வெள்ளி வாங்கப் போனால் செய்கூலி பேச என்னைத்தான் அழைத்துப்போகிறார்கள்.

நாய் விஷயத்தில் நாம் வளர்ந்த விதம் வேறு. தெருநாய் வாலை ஆட்டினால் உங்கள் பையன் கையை நீட்டுவான். இங்கே கடியோ நகக்கீறலோ, சிறியதென்று விடக்கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போய்விட வேண்டும். மஞ்சள் வைப்பது, சுண்ணாம்பு தடவுவது என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். தெரு முனையில் கூட்டமாக நாய்கள் படுத்திருந்தால் வேறு தெரு வழியாகப் போங்கள். கொசு கடிப்பதும் பகலில்தான் அதிகம் கவனிக்க வேண்டியது, டெங்கு கொசு பகல் நேரத்துக் கொசு. அது உங்களுக்கே தெரியும், கிள்ளானிலும் அதே கதைதானே.

பயமுறுத்தியது போதும். இந்த வயதுப் பிள்ளைக்குத் தெருவே பெரிய உலகம். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறை வாசலில் என் மகள் குந்தி உட்கார்ந்துவிடுவாள். உள்ளே ஒருவர் ஊதுகுழலை வாயில் வைத்து, சிறு சுடரை வளைத்து, வெள்ளி வளையத்தின் வாயை மூடிக்கொண்டிருப்பார். சுடர் சீறும்போதெல்லாம் இவளும் கன்னத்தை உப்பி ஊதுவாள். அவர் நிமிர்ந்து பார்க்கவே மாட்டார், ஆனால் இவள் வராத நாளில் "பாப்பா எங்கே?" என்று கேட்பார். உங்கள் பையனுக்கும் ஒரு ஜோடிக் கொலுசு போடுங்கள். ஆண்பிள்ளைக்கு எதற்கு என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டால், நடை பழகும் வயதில் இங்கே எல்லாப் பிள்ளைக்கும் போடுவார்கள் என்று சொல்லுங்கள். எந்த அறையில் நிற்கிறான் என்று அடுப்படியிலிருந்தே தெரியும். சத்தம் நின்றால் ஓடுங்கள், எதையோ வாயில் போட்டுக்கொண்டிருப்பான். முத்து பற்றவைத்த இடம் விட்டிருக்கிறதா என்று அவ்வப்போது இழுத்துப் பாருங்கள். கழன்ற முத்தும் வாய்க்குத்தான் போகும்.

அங்கேயே மார்க்கெட் ரயில் நிலையம் இருக்கிறது. விருத்தாசலம் போகும் பாதை, ரயில்கள் குறைவு. அதனால்தான் எனக்குப் பிடிக்கும். நெரிசல் இல்லை, வேப்பமர நிழல் உண்டு, ரயில் வராத நேரத்திலும் பிள்ளைக்குத் தண்டவாளத்து ஆடுகள் போதும். மாலையில் தட்டுவடை செட் போடும் வண்டி. ஒரு தட்டுவடை மேல் பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி, துருவிய பீட்ரூட், காரட், நறுக்கிய வெங்காயம், அதற்கு மேல் மூடியாக இன்னொரு தட்டுவடை. அது உங்களுக்கு. பையனுக்குத் தட்டுவடை வேண்டாம், உடைந்தால் கூரான துண்டு. வண்டிக்காரரே ஒரு சிட்டிகை பீட்ரூட்டை உள்ளங்கையில் வைப்பார், வாயும் சட்டையும் சிவந்து வீடு திரும்புவீர்கள்.

இப்போது நாங்கள் கன்னங்குறிச்சியில் இருக்கிறோம், மூக்கனேரிப் பக்கம். சேர்வராயன் மலைத் தண்ணீர் வந்து நிற்கும் ஏரி. 2010 வாக்கில் ஊர்க்காரர்களே சேர்ந்து தூர்வாரி, அள்ளிய மண்ணைத் திட்டுத் திட்டாகக் கொட்டி மரம் நட்டார்கள். இன்று அந்தத் திட்டுகளில் நீர்க்காகமும் கொக்கும் அடைகின்றன. காலை வேளையில் கரையில் விட்டால் பிள்ளை தன் பாட்டில் நடக்கும். தண்ணீர் ஓரம் என்பதால் கை எட்டும் தூரத்திலேயே இருங்கள். குரும்பப்பட்டி விலங்கியல் பூங்காவும் மலை அடிவாரத்தில்தான், மான் பார்க்கலாம். அண்ணா பூங்காவுக்கு வார நாளில் போங்கள். ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாவும் குகைப் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கையும் கட்டாயம் காட்டுங்கள், சாமி வேடம் போட்டவர்கள் வண்டியில் வருவதைப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். வெடிச் சத்தம் காதைப் பிளக்கும், காதை மூடிக் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

ஏற்காட்டுக்கு இப்போதே போய்விடுங்கள். இரண்டு வயதுக்குள் பிள்ளைகளுக்கு வண்டி மயக்கம் அபூர்வம், அதற்குப் பிறகுதான் தொடங்கும். இருபது கொண்டை ஊசி வளைவையும் இன்று உங்கள் பையன் தூங்கியே கடந்துவிடுவான், நான்கு வயதில் பை கேட்பான். ஏறும்போது காது அடைத்து அழுதால் பாலோ தண்ணீரோ கொடுங்கள், விழுங்கினால் சரியாகும். மேலே சுமார் 1,500 மீட்டர் உயரம், ஊரைவிட ஏழெட்டு டிகிரி குறையும், சட்டையோடு ஒரு ஸ்வெட்டர் போதும். மே மாதக் கோடை விழாவுக்குப் போகாதீர்கள். மலர்க் கண்காட்சியில் பூவைவிடத் தலைகள்தான் தெரியும், இறங்கும்போது வளைவுக்கு வளைவு நிற்பீர்கள். கிளியூர் அருவிக்குப் படியிறக்கம் அதிகம், பையன் வளரட்டும். பகோடா முனை, லேடீஸ் சீட் என்ற காட்சி முனைகள் இரண்டிலும் அந்தப் பக்கம் பள்ளம், இடுப்பை விட்டு இறக்காதீர்கள். பையன் கையில் தின்பண்டம் இருந்தால் குரங்கு பறிக்கும், நகம் கீறும், சாப்பாடு காருக்குள்ளேயே. மற்றவர்கள் படகுத்துறையில் வரிசையில் நிற்கட்டும். நீங்கள் ஏதாவது காப்பித் தோட்ட ஓரச் சாலையில் வண்டியை நிறுத்திப் பையனை நடக்கவிடுங்கள். சவுக்கு போல் நிமிர்ந்து நிற்கும் வெள்ளி ஓக் மரங்களில் மிளகுக்கொடி சுற்றியிருக்கும், கீழே காய்ந்த இலை மெத்தையாகக் கிடக்கும். பங்குனி சித்திரையில் ஒரு மழை பெய்துவிட்டால் காப்பிச் செடிகள் சேர்ந்தாற்போல் வெள்ளையாகப் பூத்து மல்லிகை மணம் வீசும், சில நாள்தான் இருக்கும். என் மகள் அந்த இலைக்குவியலில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்பாள். இன்று கல்லூரியில் படிக்கிறாள், ஏற்காடு போகலாம் என்றால் "கூட்டம், அம்மா" என்கிறாள்.

பள்ளியைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம், பையன் ஒன்றரை வயதுதான். தள்ளுவண்டிக்குப் பதிலாகக் கார்க் குழந்தை இருக்கையைக் கொண்டுவாருங்கள், அது இங்கே பல கார்களில் இருக்காது. கோலாலம்பூரிலிருந்து திருச்சியில் இறங்கி நாமக்கல் வழியாகத்தானே வருவீர்கள்? நள்ளிரவு விமானம் என்றால் திருச்சியில் தங்கிவிட்டு விடிந்து கிளம்புங்கள். ஓட்டுநர் அந்தக் குழந்தை இருக்கையைப் பார்த்துவிட்டு, "மடியிலேயே வைத்துக்கொள்ளலாமே அம்மா" என்பார். பின் இருக்கையில் பெல்ட் வேலை செய்கிறதா என்று பார்த்து, கட்டிய பிறகுதான் வாடகை பேச வேண்டும்.