மதுரையிலிருந்து திப்ருகருக்கு எத்தனை மணி நேரம்?

கேள்வி: மதுரையிலிருந்து அஸ்ஸாமிலுள்ள திப்ருகருக்கு விமான தூரம் 2,645 கி.மீ., மூன்றரை மணி நேரம் என்று இணையத்தில் வருகிறது. டிக்கெட் தேடினால் பத்து மணி நேரம்கூடக் காட்டுகிறது. கன்னியாகுமரி–திப்ருகர் ரயிலோ சுமார் 4,200 கி.மீ. ஓடுகிறது. எதை நம்புவது?
– வாசகர், திருமங்கலம்

பதில்: மூன்றும் சரிதான், ஆனால் மூன்றும் வேறு வேறு கணக்கு. 2,645 என்பது பூமியின் வளைவை ஒட்டி இரு விமான நிலையங்களுக்கும் நடுவே அளந்த மிகக் குறுகிய தூரம். நீங்கள் சொல்லும் ரயிலான விவேக் எக்ஸ்பிரஸ் கேரளத்தைச் சுற்றி வருகிறது. வங்காளம் போனபின் வங்கதேசத்தை வளைத்துக்கொண்டு சிலிகுரி வழியாக அஸ்ஸாமில் நுழைகிறது. விமானம் வங்கதேசத்தின் மேலேயே பறந்துவிடும்.

மூன்றரை மணி என்பது நேரடி விமானம் இருந்தால் தோராயமாக ஆகும் நேரம். அப்படி ஒன்று இல்லை. சென்னையிலும் கொல்கத்தாவிலும் மாறிப் போகலாம். மதுரை–சென்னை 418, சென்னை–கொல்கத்தா 1,385, கொல்கத்தா–திப்ருகர் 852. கூட்டினால் 2,655 கி.மீ. இரண்டு ஊரில் இறங்கி ஏறியும் கூடுதல் தூரம் பத்தே கி.மீ.தான்! சென்னையும் கொல்கத்தாவும் ஏறக்குறைய நேர்க்கோட்டிலேயே அமைந்திருக்கின்றன. டெல்லி வழியாகப் போனால் 3,845 கி.மீ. ஆகும். டிக்கெட் மலிவு என்பதற்காக அந்த 1,200 கி.மீ.யைத் தலையில் கட்டிக்கொள்ளாதீர்கள். ஒரே ஊரில் மாறினால் போதும் என்பவர்களுக்கு மட்டும் அது பொருந்தும்.

நேரத்தை நீங்களே கணக்கிடலாம். ஜெட் விமானமென்றால் தூரத்தை 800ஆல் வகுத்து அரை மணி கூட்டுங்கள். அந்த அரை மணி ஓடுபாதைக்கு ஊர்ந்து போகவும், மேலேறி இறங்கவும். சென்னை–கொல்கத்தா 2 மணி 15 நிமிடம், கொல்கத்தா–திப்ருகர் 1 மணி 35 நிமிடம் வரும். மதுரை–சென்னைக்கு ஏ.டி.ஆர். என்ற சிறிய விசிறி விமானம் கிடைத்தால் 480ஆல் வகுத்து அதே அரை மணியைக் கூட்டவும். ஏறக்குறைய 1 மணி 20 நிமிடம். ஆக, பறப்பது ஐந்து மணி பத்து நிமிடம்தான். மிச்சமெல்லாம் காத்திருப்பு.

காத்திருப்பைக் குறைக்கிறேன் என்று ஒரு மணி நேர இடைவெளியில் பதிவு செய்யாதீர்கள். மூன்று பயணமும் ஒரே பி.என்.ஆர்.இல் இருந்தால் தலா இரண்டு மணி நேரம் விடுங்கள். மதுரையிலேயே பெட்டிச் சீட்டில் கடைசி ஊர் திப்ருகர் என்று இருக்கிறதா என்று பாருங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டியை எடுத்து மறுபடி கவுன்டரில் போட வேண்டும். உள்நாட்டுக் கவுன்டர் பொதுவாக 60 நிமிடத்துக்கு முன்பே மூடிவிடும். முதல் விமானம் தாமதமானால் அடுத்த டிக்கெட் பணமும் போகும். அதனால் தனித்தனி டிக்கெட் என்றால் இடையில் மூன்றரை மணி நேரமாவது விடுங்கள்.

டிசம்பர், ஜனவரியில் கொல்கத்தாவில் காலைப் பனிமூட்டம் தொல்லை தரும். திப்ருகரில் டிசம்பரில் நாலரை மணிக்குள்ளும் ஜனவரியில் ஐந்து மணிக்குள்ளும் பொழுது சாய்ந்துவிடும். விமான நிலையமோ ஊருக்கு வெளியே மோகன்பாரியில். பிற்பகலிலேயே இறங்கும்படி பாருங்கள்.

கேள்வி: டெல்லி–திப்ருகர் போக ஆகும் நேரத்தைவிடத் திரும்ப அதிக நேரம் போட்டிருக்கிறார்களே, அச்சுப் பிழையா?
– வாசகி, மேலூர்

பதில்: பிழையில்லை. குளிர்காலத்தில் வட இந்தியாவின் மேல் உயரத்தில் மேற்கிலிருந்து பலத்த காற்று வீசும். விமானத்தின் வேகம் 830, காற்று 100 கி.மீ. என்று வையுங்கள்: கிழக்கே போகும்போது தரைக் கணக்கில் 930, திரும்பும்போது 730. டெல்லி–திப்ருகரின் 1,760 கி.மீ.க்கு அதுவே அரை மணி நேர வித்தியாசம். சென்னை–கொல்கத்தா பாதை தெற்கே தள்ளி இருப்பதாலும் காற்றுக்குச் சாய்வாகப் போவதாலும் அங்கே இவ்வளவு தெரியாது.